பயம் தெளிய ஒரு சவாரி

ஆடி இரண்டாம் ஞாயிறு, காலை பத்தேகால். சங்கரன்கோவிலுக்கு வெளியே ராஜபாளையம் சாலையில் ஒரு லாரி நிற்கிறது. மலையில் சுற்றுலா வருகிறவர்களைச் சுமக்கும் யானையைத் தண்ணீர் காட்ட இறக்கியிருக்கிறார்கள். சவாரிப் பலகை உரசிய முதுகில் தோல் வெளுத்திருக்கிறது.

பக்கத்துத் திருவேங்கடம் ஊர்க்காரர் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு, மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு பாகனிடம் வருகிறார்.

"அண்ணாச்சி, பிள்ளை தூக்கத்துல பயந்து பயந்து அழுவுதா. ஒரு சுத்து ஏத்தி இறக்குங்க, தெளிஞ்சிரும்."

"ஆபத்தில்லையா?" என்று, வேடிக்கை பார்த்து நிற்கும் நான் கேட்கிறேன்.

"ஆனை சாமில்லா சார், என்ன செய்யும்?" என்கிறார் பிள்ளையின் அப்பா.

பிள்ளை வீறிடுகிறாள். பாகன் அவளை வாங்கக் கை நீட்டும்போது ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடக்கிறது. யானை சட்டென்று பின்வாங்கி லாரியில் மோதுகிறது. அதன் காலடியில் தண்ணீர் டிரம் அப்பளமாக நசுங்குகிறது. பாகன் காதைப் பிடித்துத் தொங்கியபடி அதைக் கெஞ்சி நிறுத்துகிறார்.

பைக் வரை ஓடிவிட்ட அப்பா, மகளை இறுக்கிக்கொண்டு கேட்கிறார்: "என்ன அண்ணாச்சி, ஆனை ஒரு ஹாரனுக்குப் போய் இப்படிப் பயப்படுது?"

பாகன் நெற்றி வியர்வையைத் துடைக்கிறார்.

"வாரவன் எல்லாம் பயத்தை இதும்மேல இறக்கி வச்சிட்டுப் போயிருதான், வே. இது எங்கன போய் இறக்கும்?"