கிணற்றோடு விற்ற காணி

எங்கள் தெருவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே முன்பக்கத்தில் வேலி கிடையாது. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் புல் வெட்டும் மெஷினோடு எங்கள் பக்கம் ஒரு முழம் உள்ளே வந்துவிட்டார். எனக்கு உச்சந்தலை கொதித்தது. ஓடிப்போய், "நோ, நோ! திஸ் சைட் அவர்ஸ்!" என்று கத்தினேன். அவர் சிரித்துத் தலையாட்டி, எங்கள் பக்கத்துப் புல் முழுவதையும் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். இத்தனைக்கும் அது என் புல்லே இல்லை. நாங்கள் அந்த வீட்டின் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தவர்கள். ஆனால் நான் பிறந்த உடுப்பிட்டியில், வேலிக்கு நட்ட கதியால் தடி அரை அடி நகர்ந்ததற்கு மண்டை உடைந்திருக்கிறது.

கணவரின் சம்பளம் வாடகையோடு சரி. என் சம்பளத்தில் சாப்பாடும் பஸ்ஸும். மலிவு விலையில் கோழிக்கால் வாங்கிக் கிழமை முழுக்க இழுத்தோம். போன மாரியில் வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போவதாகச் சொல்லி எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொன்னார். வெளியே கேட்ட வாடகை எங்கள் இரண்டு சம்பளத்தையும் விழுங்கும். கடனில் ஒரு சின்ன அப்பார்ட்மென்ற் வாங்கலாம், முற்பணம் இருந்தால். என்னிடம் இருந்தது ஊரில் சீதனக் காணி ஒன்றுதான். அதற்குள் ஒரு கிணறு. பக்கத்துக் காணி என் அண்ணையுடையது. அவர் தன் வெங்காயத்துக்கு இறைப்பதும் அந்தக் கிணற்றில்தான். அது அப்பா வாயால் கொடுத்த பங்கு, காணி உறுதிப் பத்திரத்தில் எழுதப்படவில்லை.

பங்காளியைக் கேட்காமல் காணி விற்பது எங்கள் வழக்கமில்லை. போனில் கேட்டேன்.

"நீ சொல்லுறது வெளிநாட்டு விலை, தங்கச்சி. வெங்காயம் வித்து நான் எப்பிடி வாங்கிறது?" என்றார் அண்ணை.

விலையை ஏற்றி விட்டவர்களும் எங்களைப் போன்றவர்கள்தானே. சுவிஸிலிருந்து ஒருவர் கேட்ட விலைக்கே வாங்க வந்தார். கிணற்றில் பங்கு எழுதினால் வேண்டாம் என்றார். நான் எழுதவில்லை. என் பிள்ளைகள் தெருவிலா நிற்பது?

ஊருக்குப் போய்க் கையெழுத்து வைத்த மறுநாள், சுவிஸ்காரரின் ஆட்கள் சீமெந்துத் தூண் நட வந்தார்கள். கிணற்றடியை மறித்து ஒரு தூண் எழும்பியதும் அண்ணை அலவாங்குக் கம்பியோடு பாய்ந்து வந்தார். ஒரே அடியில் தூண் பிளந்தது. தடுக்கப் போனவனின் தோளில் அடுத்தது விழ, அவன் அலறிக்கொண்டு ஓடினான். மற்றவர்களும் ஓடினார்கள்.

"தண்ணியையும் வித்திட்டியேடி!"

தலைமயிரைப் பிடித்து என்னைக் கிணற்றுக் கட்டுக்கு இழுத்தார். பாதி உடம்பு உள்ளே தொங்கியது. கையில் அகப்பட்ட கல்லால் அவர் நெற்றியில் அடித்தேன். பிடி விட்டது. அதற்குப் பிறகும் அடித்தேன். அந்த இரண்டாவது அடிக்கு என்னிடம் எந்த நியாயமும் இல்லை.

ஆஸ்பத்திரியில் தாதி கேட்டார், "ஆர் அடிச்சது?"

"கிணத்தடியிலை வழுக்கி விழுந்திட்டன்" என்றார் அண்ணை.

அன்று பின்னேரமே நான் கொழும்புக்குப் புறப்பட வேண்டும். எப்போதும் சொல்வதைச் சொன்னேன்.

"அண்ணை, போயிட்டு வாறன்."

கட்டுப் போட்ட தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"எங்கை வருவாய்?"

அவருடைய இரத்தம் காய்ந்த என் கையில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு, கட்டிலடியில் நின்றேன். நான் வந்து நிற்க ஊரில் இனி ஒரு முழ நிலமும் இல்லை.