ராஜா வருகிற பாட்டு

மாரி மாமா! உன்னைத்தான் கூப்பிடுகிறேன். எப்போதும்போல "இன்னாடி?" என்று ஒரு குரல் கொடு. அது போதும்.

உன்னைத் தெரியாதவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். மாரி மாமா என் அம்மாவின் தம்பி. பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். வருஷத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் ராஜாவாக இருப்பார். ஆவடிப் பக்கம் சேக்காட்டில் எங்கள் தெரு அம்மனுக்கு ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் தெருக்காரர்களே சேர்ந்து பாட்டு நாடகம் போடுவோம். கம்பெனிக்குப் போகிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அன்றைக்கு மந்திரி, சேனாதிபதி. மாமாதான் ராஜா. வேறு யாரும் அந்த வேஷத்தைக் கேட்டதுகூட இல்லை. நான் எட்டாவதோடு நின்றவள், எழுதிப் பழக்கம் கிடையாது. ஆனால் அந்த ஒரு நாடகத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அந்த வருஷம்தான் முதல் முறையாக எனக்கும் வேஷம் கொடுத்தார்கள். ராஜாவின் மகள்! ராஜா சண்டைக்குப் போயிருப்பார். மகள் அரண்மனையில் காத்திருப்பாள். ராஜா ஜெயித்துவிட்டு வந்ததும் மகள் ஓடிப் போய், "எனக்கு என்ன கொண்டு வந்தீங்க" என்று ஒரு பாட்டுப் பாடுவாள். அந்தப் பாட்டு முழுக்க முழுக்க என்னுடையது. பாத்திரம் கழுவும்போது பாடினேன், ரேஷன் கடை வரிசையில் பாடினேன். "தூக்கத்துலகூட வாய மூட மாட்டேங்குறாளே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று மத்தியானமே மாமாவுக்கு மேக்கப் முடிந்துவிட்டது. முகம் முழுக்க ரோஸ் பவுடர், காதுவரைக்கும் ஒட்டு மீசை. அதோடு போய் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணினார். அம்மா ஓடி வந்து மறித்தாள்.

"வேஷம் போட்டுக்கினு எங்கடா போற?"

"ஒரே ஒரு சிங்கிள் ட்ரிப்பு அக்கா. ஆடி ஞாயித்துக்கெழம, கூட்டம் சும்மா அள்ளுது. இதோ போனேன், இதோ வந்தேன்."

கிரீடத்தை ஸ்டியரிங் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். அந்த ஆட்டோவில் ஏறினவர்கள் என்ன நினைத்தார்களோ!

எங்கள் நாடகத்துக்கு அப்பாதான் டோலக். வாரம் முழுக்க அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மிஷினில் நிற்கிற கை, அன்றைக்கு மட்டும் தோலில் விளையாடும். பாட்டும் கீபோர்டும் பாய். அவர் பூந்தமல்லியில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருந்தார், கல்யாணக் கச்சேரிக்கும் வாசிப்பார். எங்கள் அம்மன் நாடகத்துக்கு ஒரு வருஷம்கூட வராமல் இருந்ததில்லை. எதிர் வீட்டு அண்ணன் கட்டியக்காரன். அதாவது, "ராஜா வருகிறார், எல்லாரும் எழுந்திருங்க" என்று சொல்லிவிட்டு, நடுநடுவில் ஜோக் அடிக்கிற ஆள்.

ஒரு சட்டம் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. நாடகத்தில் ராஜா சும்மா நடந்து வந்துவிடக் கூடாது. இரண்டு பேர் ஒரு பட்டுச் சேலையைத் திரையாகப் பிடிப்பார்கள். பாய் வரவுப் பாட்டை எடுப்பார். திரைக்குப் பின்னால் நின்று ராஜா முதல் அடியைத் திருப்பிப் பாட வேண்டும். அப்புறம்தான் திரை விலகும். பாட்டை ஒரு தடவை எடுத்துவிட்டால் ராஜா வருகிறவரைக்கும் நிறுத்தக் கூடாது. நடுவில் நின்றுபோனால் ராஜா சண்டையிலேயே செத்துவிட்டார் என்று அர்த்தம். விளக்கை அணைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இருட்டுகிற நேரத்தில் நாடகம் ஆரம்பித்தது. மாமா இன்னும் வரவில்லை. மந்திரி பாடினார், சேனாதிபதி பாடினார், இன்னொரு தடவையும் பாடினார்கள். அப்போது தெருமுனையில் மாமா ஆட்டோவின் ஹாரன்! 'பாம் பபம் பாம்' என்று பாட்டு மாதிரி அடிக்கும். கட்டியக்கார அண்ணன் குதித்தே விட்டார். "மன்னர் வந்துவிட்டார்! பாய், எடுங்க!"

பாய் எடுத்தார்.

*வாராரே வாராரே மகராஜன் வாராரே*
*வாள்புடிச்ச கையோட வாசல்தேடி வாராரே*

திரை பிடித்தார்கள், அப்பா டோலக்கில் இறங்கினார், ஜனங்கள் விசில். அடுத்தது என் பாட்டு! பார்த்தால் தெருவுக்குள் வந்தது வேறு ஆட்டோ. மாமாவின் ஸ்டாண்டு வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே கடையில்தான் ஹாரன் மாட்டியிருந்தார்கள்.

பாட்டு எடுத்தாகிவிட்டது, ராஜா இல்லை.

பாய் அசரவில்லை. இருக்கிற அடிகளை எல்லாம் பாடி முடித்துவிட்டு, புதிதாகக் கட்ட ஆரம்பித்தார்.

*குதிரைமேல வாராரே, கோட்டை தாண்டி வாராரே*
*குதிரைக்குப் புல்லு வாங்கக் கொஞ்சம் நின்னு வாராரே*

ஜனங்களுக்கு ஒரே சிரிப்பு. "பாய், குதிரைக்கு டீ வாங்கிக் குடுத்தாரா?" என்று பின்னாலிருந்து ஒருத்தர் கத்தினார். உடனே டீக்கடையும் பாட்டில் வந்தது. அப்புறம் லாடம் கழன்றது, லாடம் கட்டியது, வேலப்பன்சாவடியில் சிக்னல் விழுந்தது. கட்டியக்கார அண்ணன் இல்லாத குதிரையை இழுத்துக்கொண்டு மேடையைச் சுற்றி ஓடினார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மாமா வரட்டும், மீசையைப் பிடுங்கிவிடுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் வராவிட்டால் என் பாட்டு போச்சு. அதுதான் எனக்குக் கவலை.

அப்போது அந்த வேறு ஆட்டோவை ஓட்டி வந்தவர் மேடைப் பக்கமாக வந்து, அப்பா காதுக்குக் கிட்டே குனிந்தார். அவர் குரல் தாழ்த்தித்தான் பேசினார், பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"பூந்தமல்லி ரோட்டுல தோண்டிப் போட்டுகீறாங்கல்ல, அந்தப் பள்ளத்துல ஒரு ஷேர் ஆட்டோ கவுந்துட்ச்சாம் அண்ணாத்தே. நம்ம ஸ்டாண்டு வண்டின்றாங்க. யாருன்னு தெர்ல."

அப்பா கட்டியக்கார அண்ணனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அண்ணன் இடுப்பிலிருந்த போனை எடுத்து மாமாவுக்கு அடித்தார். யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தார், மறுபடியும் இல்லை. இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா மேடைக் கம்பத்தைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'அய்யய்யோ, ஆட்டோ கவிழ்ந்தால் டிராபிக் ஆகிவிடுமே, மாமா இன்னும் லேட் ஆவாரே' என்று நினைத்தேன்.

பாய் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார். "இன்னா நைனா, நிறுத்திக்கலாமா? போய்ப் பார்க்கலாமா?"

"பசங்க ரெண்டு பேரு பைக்ல போய்கீறானுங்க பாய். நீங்க பாடுங்க."

"இல்லப்பா, எவ்ளோ நேரமா அடிக்கிற, உன் கை..."

"பாடுங்க பாய்! நிறுத்தாதீங்க!"

அப்பா பாயிடம் அப்படிக் கத்தி நான் பார்த்ததே இல்லை. கத்திவிட்டு வாசிக்க ஆரம்பித்தார் பாருங்கள், மேடைப் பலகையே அதிர்ந்தது. விரல் நுனி வெடித்து, டோலக் தோலில் சிவப்பாக ஒட்டியது. கூட்டத்துக்கு விஷயம் தெரியாது. தாளம் ஏற ஏற அவர்களும் எழுந்து நின்று கைதட்டி, "வாராரே, வாராரே" என்று கூடவே பாடினார்கள். தெரு முழுக்க அந்தப் பாட்டுதான். அப்பாவுக்கு நாடகத்தின்மேல் எவ்வளவு வெறி என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

போன் அடித்தது!

அண்ணன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். முதலில் ஒரே ஹாரன் சத்தம். அப்புறம் மாமா.

"டேய், போன் வண்டியிலயே இருந்துட்ச்சுடா, பாக்கல! கவுந்தவன நிமித்திவுட்டு வர்றதுக்குள்ள தாவு தீந்துட்ச்சு. ஒண்ணும் பெருசா அடியில்ல அவனுக்கு. இன்னாது, வரவுப் பாட்டு கேக்குது? எடுத்துட்டீங்களா?"

"எடுத்து எவ்ளோ நேரமாகுது! எங்கதான் கீற நீ?"

"வந்துகினே கீறேன் மாமே. பாட்ட நிறுத்தாத. மைக்க இப்படிப் போன்கிட்ட வையி."

அண்ணன் ஒரு ஸ்டூலைத் திரைக்குப் பின்னால் போட்டு, அதன்மேல் போனை வைத்து, மைக்கை அதன் வாயில் சாய்த்தார். பூந்தமல்லி ரோட்டிலிருந்து ராஜா முதல் அடியைப் பாடினார்.

*வாராரே வாராரே மகராஜன் வாராரே...*

லாரி ஹாரனும் கூடவே வந்தது. ஆட்டோவில் இருந்த சவாரிகள் கைதட்டுகிற சத்தமும் வந்தது. ஒரு குழந்தை சுதி சேராமல் கத்தியது. சேக்காடே எழுந்து ஆடியது! நான் குனிந்து திரைக்குக் கீழே பார்த்தேன். ராஜாவின் கால் இல்லை. ஸ்டூலின் கால்தான் இருந்தது. ஆளே இல்லாமல் குரல் மட்டும் பாடுகிறது! விழுந்து விழுந்து சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் நிஜமான ஆட்டோவே கூட்டத்துக்கு நடுவில் புகுந்து மேடை முன்னால் வந்து நின்றது. சவாரிகளைக்கூட இறக்கவில்லை. பின்னால் பூக்காரம்மா, ஒரு காலேஜ் பையன், கைக்குழந்தையோடு ஒரு அக்கா. முன்னால் ராஜா. முழங்கால்வரைக்கும் சேறு, ஒரு பக்க மீசை காணோம். கிரீடத்தை எடுத்து வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் ஓடி, அப்புறம்தான் முறையாக வெளியே வந்தார். சட்டத்தை மீறவில்லை பாருங்கள்.

"மகளே!" என்று இரண்டு கையையும் விரித்தார்.

நான் பாட வேண்டும். வாயைத் திறந்தால், "எங்க மாமா போன நீ?" என்று வந்துவிட்டது. அரண்மனையில் ராஜாவைப் பார்த்து மகள் 'மாமா' என்கிறாள்! விசில் அடங்கவே இல்லை. மாமா அசைந்தாரா?

"என்ன செய்வேன் மகளே! எதிரிங்க வழி முழுக்கப் பள்ளம் தோண்டி வெச்சிக்கீறாங்கம்மா!"

அந்த ரோட்டில் தினமும் போய் வருகிறவர்கள் போட்ட கூச்சல் அம்மன் காதிலும் விழுந்திருக்கும். பிறகு நான் பாடினேன். என் பாட்டு முழுவதையும், ஒரு அடிகூட விடாமல் பாடினேன். மகளுக்குக் கொடுக்க வேண்டிய முத்து மாலையை மாமா அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டார். பூக்காரம்மா ஆட்டோவில் இருந்தபடியே விற்காத மல்லிகைச் சரத்தைத் தூக்கிப் போட்டாள். அதைத்தான் எனக்குச் சூட்டினார். சேறும் மல்லியும் கலந்த அந்த வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது.

நாடகம் முடிந்ததும் அப்பா மேடைக்குப் பின்னால் மாமாவின் அட்டைக் கவசத்தைப் பிடித்து இழுத்து, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"போன எடுக்க மாட்டியாடா பேமானி? எடுக்க மாட்டியா?"

"ரைட்டு மச்சான், விடு மச்சான், கவசம் கிழியுது."

அப்பா விடவில்லை. மாமா தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது, கன்னம் முழுக்க மாமாவின் ரோஸ் பவுடர். பவுடர் கண்ணில் பட்டுவிட்டது என்றார். நான் நம்பினேன். வேஷத்துக்குக் கட்டியிருந்த தாவணியால் துடைத்தும் விட்டேன்.

போன மாதம் ஸ்டாண்டில் வண்டியில் உட்கார்ந்திருந்தபோதே மாமாவுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பிழைக்கவில்லை. வண்டியில் கொண்டு வரும்போது பூந்தமல்லியில் மெட்ரோ வேலை, ரோடு அடைத்துக்கொண்டது. அன்றைக்கும் லேட். தெருவே வெளியில் நின்றது. பாய் வந்திருந்தார். இப்போது நன்றாக வயசாகிவிட்டது, கீபோர்டு வாசிப்பதில்லை. மேளக்காரர்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி வெறும் குரலில் எடுத்தார். "வாராரே, வாராரே..." அப்பா நாற்காலிக் கையில் தாளம் போட்டார். நாங்கள் எல்லாரும் பாடினோம். வண்டி தெருவுக்குள் திரும்பியது, நின்றது, பின்கதவு திறந்தது. எல்லாருக்கும் பழக்கம்; முதல் அடிக்காக ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோம்.

ஒரு சத்தமும் வரவில்லை.

பாய் மறுபடி எடுத்தார். திரும்பவும் காத்திருந்தோம். மூன்றாவது தடவை எடுக்கும்போது அப்பா அவர் கையைப் பிடித்தார்.

"போதும் பாய். நிறுத்திடுங்க."

அந்த நாடக ராத்திரியில் அப்பா விரல் வெடிக்க வெடிக்க அடித்தது நாடகத்துக்காக இல்லை, அம்மனுக்காகக்கூட இல்லை. அந்தச் சட்டத்தை அவர் நம்பிவிட்டார். கை நின்றால் மச்சான் போய்விடுவான் என்று நினைத்துத்தான் அடித்திருக்கிறார். எனக்கு அப்போது அது தெரியவில்லை, என் பாட்டைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆளில்லாமல் குரல் மட்டும் வந்ததைப் பார்த்துச் சிரித்தேனே, இப்போது அந்தக் குரல் மட்டுமாவது வராதா என்று இருக்கிறது, மாமா.

இதைப் படிக்கிறவர்கள் உங்கள் சாமி எந்தச் சாமியானாலும் சரி, கும்பிடும்போது ஒரு நிமிஷம் எங்கள் மாரி மாமாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் பள்ளம் எதுவும் இல்லாமல் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.