வயிற்றில் இருந்த ரப்பர் குழாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்களாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். எழுதினால், முருகனைக் குறைத்துப் பேசுகிறாள் என்பார்களோ என்ற பயம்தான். நான் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்புக்கு மேல் போகாதவள். விபூதி பூசாமல் ஒருநாளும் அடுப்பு மூட்டாதவள். ஆனால் என் வீட்டில் நடந்தது வெளியே வேறு கதையாகச் சுற்றுகிறது. இனியும் வாயை மூடிக்கொண்டிருப்பது பாவம்.

ஜப்பான்காரன் காலம். பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்குக் குடல்வால் வீங்கி உள்ளேயே வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துக் கழுவிப் பிழைக்க வைத்தார்கள். ஆனால் வலது பக்கத்தில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, அது உள்ளே நழுவிவிடாதபடி ஓர் ஊக்கை மாட்டி, அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் மருந்தும் இல்லை, துணியும் இல்லை, நோயாளிக்குப் போடச் சோறும் இல்லை.

அங்கே இவரைப் பார்த்த யாழ்ப்பாணத்து டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "உள்ள இருக்கிற சீழ் முழுக்க இதால வடியவேணும். நான் கொஞ்சங்கொஞ்சமா இழுத்து வெட்டிக்கொண்டு வருவன். அதுக்கு முன்னம் ஒருத்தரும் தொடக்கூடாது, பிள்ளை. மேல்தோல் முதல்ல மூடிச்சுதெண்டால் உள்ளுக்குள்ள சீழ் கட்டி ஆளே போயிடும்."

அன்றிலிருந்து எனக்கு அந்தக் குழாயைக் காவல் காப்பதே வேலையாகப் போயிற்று. பழைய வேட்டிகளைக் கிழித்து அவித்துக் காயவைப்பேன். ஈரம் காய்வதற்குள் முதல் கட்டு ஊறி நாறும். துவைக்கச் சவுக்காரம் ஏது? வடிவது நின்றால் அடைத்துக்கொண்டதோ என்று பயம். அதிகம் வடிந்தால் உள்ளே அழுகுகிறதோ என்று பயம். இவரோ விடிந்தால் அடைந்தால் ஒரே பாட்டு: "இந்தக் கருமத்த எப்பத்தான் எடுப்பாங்க?" தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருஷா வருஷம் வாயில் அலகு குத்திக்கொண்டு, முகம் சுளிக்காமல் படி ஏறிய மனுஷர் இவர்!

போதாக்குறைக்கு அக்கரையில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் என் கொழுந்தன், மரவள்ளிக் கிழங்குச் சாக்கோடு வந்து சேர்ந்தார். நான் காயக்கட்டை அவிழ்த்ததும் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நல்லா வடியுதே! ஒரு கோப்பைய கட்டிவிட்டா தொரைக்கிட்ட கணக்குக் காட்டலாம்லா" என்றார். இவர் சிரித்தார், வயிறு வலித்தது, என்மேல் எரிந்து விழுந்தார்.

மறுநாள் காலை நான் கிணற்றடியிலிருந்து துணியோடு திரும்புகிறேன். உள்ளே "வேல் வேல்" என்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் கொழுந்தன் உள்ளங்கை நிறைய விபூதியோடு நிற்கிறார். ஊக்கைக் கழற்றித் தரையில் போட்டாயிற்று. இவர் கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டபடி படுத்திருக்கிறார்.

துணியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து குழாயின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன காரியம் பண்றீங்க?"

"கத்தாதீங்க அண்ணி. அண்ணனுக்கு வருஷா வருஷம் அலகு எடுக்குறது யாரு? நான்தானே! விபூதிய வச்சு அமுக்குனா ஓட்ட மூடிக்கிது. ஒரு சொட்டு ரத்தம் வந்திருக்கா?"

"மூடக் கூடாதுன்னுதான் குழாயே வச்சிருக்காங்க!"

"ஒங்களுக்கு நம்பிக்கை இல்ல, அதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சோறு வடித்துக்கொட்டி, சீழ்த்துணி அலசி, நேர்த்திக்கடனும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு நம்பிக்கை இல்லையாம்! டாக்டர் சொன்னதை நூறு தடவை சொல்லியாயிற்று. இவர்கள் காதில் ஏறவில்லை. பிடித்த கையை விடாமல் இவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏங்க, அலகு குத்திக்கிட்டு கெளம்பினா எங்க போயி எடுப்பீங்க?"

"சாமி முன்னாலதான்."

"கால் வலிக்குதுன்னு பாதிப் படியில நின்னு எடுத்திருக்கீங்களா?"

"சேச்சே! அது தெய்வ குத்தம்டி."

"இப்ப நீங்க பாதிப் படியிலதான் கெடக்கிறீங்க. மேல வந்தாச்சுன்னு டாக்டர் சொல்லணும். ஒங்க தம்பி சொல்லக் கூடாது."

இவர் கண்ணைத் திறந்தார். பிறகு தம்பியிடம், "ஊக்க எடுத்துக் குடுடா" என்றார். அவித்து எடுத்து நானே மாட்டினேன். அந்த விபூதியை இவர் நெற்றியில் பூசிவிட்டேன். கொழுந்தன் அன்றைக்கே மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு படகேறிவிட்டார்.

அப்புறமும் நிம்மதி ஏது? ஒவ்வொரு தடவை டாக்டர் இழுத்து வெட்டும்போதும், "எந்தப் படியில இருக்கோம் டாக்டர்?" என்று இவர் கேட்பார். டாக்டர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்ப்பார். நான் சுவரைப் பார்ப்பேன். சீழ் வற்றி, நீர் தெளிந்து, கடைசியில் ஒருநாள் குழாய் முழுதாக வெளியே வந்தது. இவர் பிழைத்தார்.

ஆனால் தோட்டத்தில் கொழுந்தன் சொன்ன கதையே வேறு. தாமே விபூதி வைத்துக் குழாயைப் பிடுங்கினாராம், அண்ணன் எழுந்து நடந்தாராம். எத்தனை மறுத்தும் அந்தக் கதை ஓயவில்லை. போன மாதம் அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகனுக்கு வயிற்றில் ஆபரேஷனாம், குழாய் வைத்திருக்கிறார்களாம். "எந்தக் கோயில் விபூதி, அக்கா? எவ்வளவு வைக்கணும்?" என்று கேட்டார். விபூதி நெற்றிக்கு மட்டும்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

இவரைக் காப்பாற்றியது முருகன்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த டாக்டரின் கையால் காப்பாற்றினான். படிக்கிறவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். சுவைக்காக எதையும் சேர்க்க வேண்டாம். என் கொழுந்தன் மனசு நோகுமே என்று எதையும் விடவும் வேண்டாம். இருக்கிறபடியே சொல்லுங்கள்.