உபயம் என்று எழுதிய அட்டை

கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறின பிறகு எழுது என்று வீட்டில் சொன்னார்கள். மாதக்கணக்காகியும் ஆறவில்லை, என்ன செய்ய?

நான் மானிப்பாயில் சித்திரம் படிப்பிக்கிறேன். என்னோடு சித்திரம் படித்த நெல்லியடிக்காரி ஒருத்தி கொழும்பில் இருக்கிறாள். ஒரு கோப்பையில் போட்டுச் சாப்பிட்ட சினேகிதி. அவள்தான் ஒருநாள் வந்து, "எடியே, யாழ்ப்பாணத்திலை ஒரு கண்காட்சி வைப்பம். சனத்தின்ரை வீடுகளுக்கை கிடக்கிற கலையை வெளியிலை கொண்டரவேணும். நீயும் நானும் கியூரேட்டர்" என்றாள்.

சொல்தான் எனக்குப் புதிது, வேலை புதிதில்லை. நான் படித்த காலத்துப் பள்ளிக்கூடக் கண்காட்சிகளில் பிள்ளைகள் இருக்கிற வாங்குகளைச் சேர்த்துப் போட்டு, வெள்ளை வேட்டி விரித்து, வீடு வீடாய் இரவல் வாங்கிய சாமான்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் மடித்த அட்டை வைப்போம். எது எதற்குப் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று ஆசிரியர்கள் சண்டை பிடிப்பார்கள். இப்போது சுவர் வெள்ளை, வெளிச்சம் மேலேயிருந்து வருகிறது, படத்துக்கும் படத்துக்கும் நடுவில் நிறைய இடம் விடுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன். விசரி நான்.

வீடு வீடாய்ப் போய்க் கேட்கிற வேலை என்னுடையது. அப்படித்தான் குருநகரில் ஒரு அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவர் கடற்றொழிலாளி. வள்ளத்தின் பழைய பாய்ச்சீலையில் கடலை வர்ணத்தால் எழுதியிருந்தார். கூத்து மேடைக்குப் பின்னால் தொங்கவிடுகிற எழுதிய திரையை எங்கள் பக்கத்தில் 'சீன்' என்பார்கள். அது கடல் சீன். அலைக்குக் கீழே, மூலையில், சின்ன எழுத்தில் அவருடைய பெயர். அவர் செத்துப்போனார். ஆனால் ஒவ்வொரு வருடமும் கோயில் திருநாளுக்கு அந்தச் சீனை விரித்துத்தான் கூத்துப் போடுகிறார்கள்.

"கியூரேட்டர் எண்டால் என்ன வேலை, ரீச்சர்?" என்று அக்கா கேட்டார்.

நான் விளங்கப்படுத்தினேன். அவர் சிரித்தார். "விளங்கீட்டுது. மீன் பிடிக்கிறது ஒராள், விலை கூறி விக்கிறது வேறையாள். நீங்கள் கூறுற ஆள்."

நானும் சேர்ந்து சிரித்தேன். ஐயோ, அன்றைக்கே அந்த மனிசி சொல்லிவிட்டது.

கையெழுத்து வாங்க ஒரு படிவம் கொண்டுபோயிருந்தேன். அதைக் கண்டதும் அக்காவின் முகம் மாறிவிட்டது. "கடுதாசி என்னத்துக்கு? நான் உங்களை நம்பித்தானே தாறன். திருநாளுக்கு முதல் கொண்டந்து தந்திடுங்கோ. இவர் இல்லாமல் கூத்து ஏறாது" என்றார். சீனை 'இவர்' என்றுதான் சொன்னார். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஓம் அக்கா, நான் பொறுப்பு" என்றேன்.

யாழ்ப்பாண நகரில் பூட்டிக்கிடந்த ஒரு பழைய வீட்டைக் கூட்டி, வெள்ளையடித்து, எல்லாவற்றையும் மாட்டினோம். கடல் சீனுக்கு ஒரு முழுச் சுவர். பக்கத்தில் ஒட்டுகிற அட்டை எழுதுகிற வேலையும் எனக்குத்தான். முதலில் 'இரவல்' என்று எழுதி அக்காவின் பெயரைப் போட்டேன். பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்று சொல்லிச் சொல்லியே அந்தச் சொல்லுக்கு ஒரு பிச்சைக்கார முகம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒருவருடைய பெயரை மரியாதையாகச் சுவரில் ஏற்றுவதென்றால், மணிக்கூண்டு முதல் ரியூப்லைற் வரை, ஒரேயொரு சொல்தான். அந்த அட்டையைக் கிழித்துப்போட்டு, புதிதில் 'உபயம்' என்று எழுதினேன். கொடுத்துவிட்டதற்குப் போடுகிற சொல் அது என்று அந்த நேரம் மூளையில் ஏறவில்லை.

சினேகிதி வந்து பார்த்தாள். "உபயம்! வடிவாயிருக்கடி" என்று சொல்லி, போனில் அட்டையை மட்டும் கிட்டப்பிடித்துப் படம் எடுத்தாள்.

கண்காட்சி தொடங்கிய நாள் அக்கா நல்ல சீலை உடுத்து வந்திருந்தார். கடலைவிட அட்டையைத்தான் கூட நேரம் பார்த்தார். "மாதாவே, என்ரை பேரும் சுவரிலையோ!" என்றார். கண்காட்சி முடிந்ததும் அந்த அட்டையைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். வீட்டில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார்.

சீனைக் கொடுக்கவில்லை. மடிப்பில் கிழிசல் இருக்கிறது, கொழும்பில் தெரிந்தவர்களிடம் தைப்பித்துக்கொண்டு வருகிறேன் என்று சினேகிதி கேட்டாள். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. தைத்துக் கொடுத்தால் சந்தோசப்படுவார் என்று நானே முடிவெடுத்து, சீனை அவளிடம் கொடுத்தனுப்பினேன். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தவள் நான்தான்.

திருநாள் கிட்ட வந்தது. போன் எடுத்தால் எடுக்கமாட்டாள். 'பிறகு கதைக்கிறன்' என்று எழுதுவாள். பிறகு அதுவும் இல்லை. ஒருநாள் பள்ளிக்கூட இடைவேளையில் சகஆசிரியை ஒருவர் தன் போனை நீட்டி, "இது உங்கடை கண்காட்சியிலை இருந்ததெல்லே?" என்றார். கடல் சீன் வெளிநாட்டில் ஏதோ ஒரு கலைக்கூடத்துச் சுவரில் தொங்குகிறது. அந்தக் கூடத்தின் நிரந்தரச் சேகரிப்பாம். கியூரேட்டர் என்று அவளுடைய பெயர் மட்டும். என் பெயர் இல்லாதது சுட்டது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் எழுதியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'பெயர் தெரியாத மீனவர்' என்று இருந்ததைக் கண்டபோதுதான் போனைப் பறித்துப் படத்தைப் பெரிதாக்கினேன். அலைக்குக் கீழே அந்த மனிசன் பெயர் எழுதியிருக்கிறாரே, கண் இல்லையா?

சகஆசிரியையின் போனிலிருந்தே அவளுக்கு எடுத்தேன். தெரியாத இலக்கம் என்றபடியால் எடுத்தாள்.

"ஏன்டி இப்பிடிச் செய்தனி? அது இரவல் வாங்கினதெல்லே!"

"இரவல் எண்டு எங்கை எழுதிக்கிடக்கு?" என்றாள், ஆறுதலாக. "நீதானே உபயம் எண்டு எழுதினனி. அட்டையின்ரை படம் என்னட்டை இருக்கு, அதைத்தான் அவையளுக்கும் காட்டினனான். உபயம் குடுத்ததைத் திருப்பிக் கேக்கிற வழக்கம் எங்கடை ஊரிலை இருக்கோ?"

நுணலும் தன் வாயால் கெடும். அந்தச் சொல்லின் அர்த்தம் நெல்லியடிக்காரிக்குத் தெரியாதா? தெரிந்துதான் படம் எடுத்திருக்கிறாள். நான் மரியாதைக்கு எழுதியதை அவள் உறுதிப்பத்திரம் எழுதி முடித்ததாக எடுத்துக்கொண்டாள். கத்தினேன், கெட்ட வார்த்தையும் வந்தது. பிள்ளைகள் யன்னலால் பார்த்தார்கள். அவள் போனை வைத்துவிட்டாள்.

திருநாளுக்கு மூன்று நாள் இருக்க, குருநகருக்குப் போனேன். அக்கா என் கையைத்தான் முதலில் பார்த்தார். வெறுங்கை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: சினேகிதி, கலைக்கூடம், உபயம் என்ற சொல், எல்லாம். என்னை ஏமாற்றிவிட்டாள் அக்கா, என்னையும்தான் ஏமாற்றிவிட்டாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னது இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அவர் ஏசுவார், அழுவார் என்று பார்த்தேன். "நான் அந்தப் பிள்ளையைக் காணவுமில்லை, ஒண்டும் குடுக்கவுமில்லை" என்றார். உள்ளே போய், மாதாவுக்குப் பக்கத்திலிருந்த அட்டையை நகத்தால் மெல்ல உரித்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தார்.

"நான் உங்களுக்கு இரவல்தான் தந்தனான், ரீச்சர். உபயம் குடுத்தது நீங்கள். என்ரை பேரை வெட்டிப்போட்டு உங்கடை பேரைப் போடுங்கோ."