வலப்பக்கம் நகர்ந்த கோடு

என் அண்ணிக்குத் தொழிற்சாலையில் ‘தராசு’ என்று பட்டப்பெயர். அலாரங்களுக்குள் கீச்சென்று கத்தும் பீங்கான் வில்லைகளைத்தான் நாங்கள் செய்கிறோம். பேரியமும் டைட்டானியமும் கலந்த மாவில் இன்னொரு பொருளைச் சிட்டிகையளவு நிறுத்துச் சேர்ப்பது அண்ணியின் வேலை. தராசின் முன் மூச்சுவிடக்கூட யோசிப்பாள். வீட்டுச் சமையலில் மட்டும் உப்பைக் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போடுவாள்.

என் அண்ணன் அங்கேயே சூளை பார்த்தவன். சூளை முன் நின்று ஒரே சுருதியில் முனகிக்கொண்டே இருப்பான். அதைப் பாட்டு என்றால் பாட்டே கோபித்துக்கொள்ளும். போன மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் சாம்பல் மூடிபோட்ட ஜாடியில் அண்ணி வீட்டில் இருந்தது. அண்ணி அழவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் எக்ஸ்ரே சோதனை செய்பவள். வில்லைக்குள் அணுக்கள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். பெட்டியின் அளவைத் திரையில் ஒரு கோடு காட்டும். பெரிய அணுவின் இடத்தில் சின்னது வந்து உட்கார்ந்தால் பெட்டி சற்றுச் சுருங்கும், கோடு வலப்பக்கம் நகரும். ஒருநாள் அது நகர்ந்திருந்தது. பரிசோதித்தால், பேரியத்தின் இடத்தில் கால்சியம். எங்கள் கலவையில் கால்சியமே கிடையாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். வில்லை கீச்சிடவில்லை. முனகியது. எனக்குத் தெரிந்த முனகல்.

அண்ணியைத் தனியாக இழுத்துப் போனேன். “என்ன போட்டீங்க அண்ணி?”

“உங்க அண்ணனத்தான். எலும்புல கால்சியம்தானே இருக்கு?” மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். “ஜாடிக்குள்ள சும்மா கெடந்தாரு. இங்க அவருக்குன்னு ஒரு எடம் இருக்கும்ல? ஒரே ஒரு வில்லைய எடுத்துக் குடுடி. அது போதும் எனக்கு.”

கோபம் தலைக்கேறியது. கட்டியவளுக்கு உரிமை உண்டுதான். கூடப்பிறந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? ஆனாலும் எடுத்துத் தரத்தான் திரும்பினேன். அதற்குள் மேற்பார்வையாளர் திரையைப் பார்த்துவிட்டு அந்த வில்லைகள் இருந்த தட்டை மொத்தமாக அரைவைக்கு அனுப்பியிருந்தார். கெட்டுப்போன வில்லைகளை அரைத்து அடுத்தடுத்த கலவைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது எங்கள் வழக்கம். அரைக்கும் சத்தம் கேட்டபோதுதான் அண்ணி அழுதாள். கேவிக் கேவி அழுதாள்.

பாலில் தண்ணீர் ஊற்ற ஊற்ற நீர்த்துப்போகும் இல்லையா, அதுபோல அந்தக் கோடும் கலவைக்குக் கலவை பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். ம்ஹூம். இன்னும் வலப்பக்கம்தான் போனது. பழைய மாவைக் கொட்டிவிட்டுப் புது மூட்டை பிரித்தோம், கருவியைப் பழுது பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அண்ணிமேல்தான் சந்தேகம். ஜாடியை வாங்கிவந்து என் அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். உள்ளே பாதிக்குமேல் இருந்தது.

அதன்பிறகும் கோடு நகர்ந்தது. ஜாடியைத் திறந்தேன். துடைத்து வைத்ததுபோல் காலி.

சோதனை அறையில் அண்ணியிடம் சொன்னேன். “ஒரு தடவதான் போட்டேன், ஒம்மேல சத்தியமா,” என்றாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். “அப்ப மிச்சம் அவராவே வந்துட்டாரா? எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீதான் என்னையும் நிறுத்துப் போடணும். கை நடுங்கக் கூடாது.”

திட்டத்தான் வாயெடுத்தேன். மேசைமேல், மின்சாரமே கொடுக்காத வில்லை ஒன்று முனகியது.

“சரி அண்ணி,” என்றேன்.