கடலை எண்ணெய் விற்காத கடை

மூன்று வாரம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை காலை, எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா டிபன் பாக்ஸும் கையுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே மூன்று தோசை. மேல் தட்டில் தேங்காய்ச் சட்னி.

"பாப்பா எளச்சிக்கினே போவுது தம்பி. மனசு கேக்கல. அதான் நானே செஞ்சி எடுத்தாந்தேன்" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் என் மகள் ஆதிரா முந்திக்கொண்டாள். ஆறு வயது. வெளியார் யார் எதைக் கொடுத்தாலும் வாயில் வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று அவளுக்குப் பழக்கியிருக்கிறேன். அதற்கென்றே ஒரு நிற்கும் விதம் வைத்திருக்கிறாள் — கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொள்வாள், முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வாள்.

"ஆன்ட்டி, இதுல என்னென்ன போட்டிருக்கீங்க?"

இருங்கள். அக்கா சொன்ன பதிலுக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம் பின்கதை சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் நான் குழம்பிய மாதிரியே நீங்களும் குழம்புவீர்கள். நான் குழம்பியது போதாதா?

ஆதிராவுக்கு மூன்று பொருட்கள் ஆகாது. பால், முட்டை, வேர்க்கடலை. மூன்று வயதில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ பிரியமாகக் கொடுத்த கடலை மிட்டாயைக் கடித்தாள். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அன்று முதல் வீட்டுச் சமையல் என் கைக்கு வந்தது. மனைவி ஆசிரியை, காலையிலேயே கிளம்ப வேண்டும். நான் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவன். அதாவது, பார்ப்பவர்கள் கண்ணுக்கு, சும்மா இருக்கிறவன்.

சமையல் கற்றதைவிட அதிகமாக வாசிக்கக் கற்றேன். பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம், பிரட் கவரின் ஓரம், மசாலாப் பொடி டப்பாவின் அடியில் எறும்பு ஊர்வது போல அச்சடித்திருக்கும் எழுத்து... அவ்வளவையும் நான் வாசிக்கிற கவனத்தோடு யாராவது இந்தப் பத்தியை வாசித்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

போன வருடம் மனைவிக்கு மரக்காணத்துக்கு மாற்றல். கூனிமேட்டில், ஈ.சி.ஆர். பக்கத்திலேயே வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தது. நான் திருநெல்வேலிக்காரன். தமிழ்நாட்டுக்குள்தானே போகிறோம், பாஷை தெரியாத ஊரா என்ன, என்று மெத்தனமாகத்தான் வந்து இறங்கினேன்.

மும்தாஜ் அக்காவின் கணவர் குவைத்தில் இருக்கிறார். மகள் அஃப்ரின், ஆதிராவின் வகுப்பு. வந்த வாரமே அக்கா என்னிடம், பாப்பாவுக்கு எது எது கூடாது என்று கேட்டுக்கொண்டார். "பால், முட்டை, கடலை... மூணும் கூடாதுக்கா" என்றேன். அக்கா அதைத் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார்.

மறுநாளே குழப்பம் தொடங்கிவிட்டது. அவர் வீட்டுக் குழம்பில் தேங்காய்ப்பால் சேர்ந்துவிட்டதாம். பால் ஆயிற்றே என்று ஆதிராவுக்குத் தரவில்லையாம். அது சாப்பிடலாம் அக்கா, அது வேறு என்றேன். அப்படியென்றால் மோர்? அது கூடாது, அது பால். நெய்? அதுவும் பால்தான். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பால் என்று பேர் வைத்தது பால் இல்லை, பேரில் பாலே இல்லாததெல்லாம் பால் — இப்படிச் சொல்கிற மனிதனை வேறு எப்படிப் பார்ப்பது?

அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

இனி எண்ணெய்க் கதை. அதுவரை வீட்டில் சன்ஃபிளவர் எண்ணெய்தான். ஆறேழு மாதம் முன்பு என் வாட்ஸ்அப் குரூப்பில் செக்கு எண்ணெய் மகிமை பேசத் தொடங்கினார்கள். தினமும் நாலு மெசேஜ். கடைசியில் நானும் மயங்கினேன். திண்டிவனம் போகிற ரோட்டில் ஒரு செக்கு மில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஸ்கூட்டரில் போய் நின்றேன்.

செக்கு மில் என்றால் எனக்கு ஒரே பயம்தான். ஒரே செக்கில் கடலையையும் ஆட்டி மற்றதையும் ஆட்டுவார்களே, ஒட்டிக்கொண்டு வந்துவிடாதா? அதனால் வாசலிலேயே நின்று போர்டைப் படித்தேன். நல்லெண்ணெய். தேங்காய் எண்ணெய். விளக்கெண்ணெய். மணிலா எண்ணெய். அவ்வளவுதான். இரண்டாவது தடவையும் படித்தேன்... கடலை எண்ணெய் இல்லை! இப்படி ஒரு கடையைத்தானே இத்தனை வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன்?

உள்ளே போய், எல்லோரும் எதை வாங்குகிறார்கள் என்று கேட்டேன். மணிலாதான் என்றார் கடைக்காரர். மணிலா என்றால் பிலிப்பைன்ஸ் தலைநகர் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பொது அறிவுப் போட்டியில் பரிசு வாங்கியவன். மலேசியாவிலிருந்து பாமாயில் வரும்போது மணிலாவிலிருந்து ஒரு எண்ணெய் வரக் கூடாதா? ஏதோ ஒரு வெளிநாட்டு வித்து என்று நானே முடிவு செய்துகொண்டேன். வேறு ஏதாவது கலப்பீர்களா என்று மட்டும் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கலப்படம் என்ற பேச்சுக்கே இடமில்லை, சுத்தமான மணிலா என்றார். ஐந்து லிட்டர் கேனை ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்துக்கொண்டு வெற்றி வீரனாக வீடு திரும்பினேன்.

தாளித்தால் வீடே மணத்தது. சுத்தத்தின் வாசனை இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் மூன்று வருடமாகக் கடலையே நுழையாததால் அந்த வாசனை எனக்கு மறந்தேவிட்டது. மனைவிக்கோ கோவிட் வந்து போனதிலிருந்து மூக்கு பாதிதான் வேலை செய்கிறது.

இரண்டாவது வாரம் ஆதிராவின் உதட்டைச் சுற்றிச் சிவந்தது. அப்புறம் கழுத்தில் தடிப்பு. சாப்பிட்டு முடித்தால் வயிறு வலிக்கிறது என்பாள். புதுச்சேரியில் எங்கள் டாக்டரிடம் ஓடினேன். என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், "நல்லெண்ணெய்தானே?" என்றார். "ரொம்ப நல்ல எண்ணெய் டாக்டர், செக்குல ஆட்டினது" என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். சந்தேகப்படுகிற பொருளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கச் சொன்னார்.

நிறுத்தினேன். முதலில் கத்தரிக்காய். அப்புறம் தக்காளி. கடற்கரை ஊரில் குடியிருந்துகொண்டு மீனை நிறுத்தினேன். கோதுமை போனது, பருப்பு போனது. கடைசியில் உப்பின் மேலேயே சந்தேகம் வந்து, கடையில் போய்ப் பாக்கெட் உப்பு கேட்டேன். உப்பளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வடக்கேயிருந்து வந்த உப்பைக் கேட்கிறீர்களே என்று கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆதிராவின் தட்டில் கடைசியில் மிஞ்சியது சோறும் சுரைக்காய்ப் பொரியலும் மட்டும்தான். காலையில் அது, மதியம் அது, இரவிலும் அது. ஸ்கூல் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தி அனுப்பினோம். அப்படியும் தடிப்பு போகவில்லை. சுரைக்காயுமா? இனி எதை நிறுத்துவது, தண்ணீரையா? ஒரு நோட்டுப் போட்டு, அவள் சாப்பிட்டதையெல்லாம் எழுதிவைத்து, அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பயமாக இருந்தது.

இந்த நிலைமையில்தான் மும்தாஜ் அக்கா தோசையோடு வந்து நின்றார். மகள் கேள்வி கேட்டாள். அக்கா பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார்.

"அரிசி, உளுந்து, தேங்கா, பச்ச மொளகா. நெய் ஊத்தல. சட்னில ஒடச்ச கடல போட்டுதான் அரைப்போம். அப்பாதான் கடலையே கூடாதுன்னு சொல்லிட்டாரே. அதுக்குப் பதிலா மல்லாட்டைய வறுத்துப் போட்டுட்டேன்."

மல்லாட்டை. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து காதில் விழுகிற வார்த்தைதான். பஸ் ஸ்டாண்டில் அவித்து விற்பார்கள். ஏதோ கிழங்கு என்று நினைத்திருந்தேன். அப்படியென்றால் என்ன அக்கா என்று கேட்டேன். இதுகூடத் தெரியாதா என்று அவர் வீட்டுக்குப் போய் ஒரு கைப்பிடி எடுத்துவந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

ரோஸ் நிறத் தோல். இரண்டாக உடைகிற பருப்பு.

வேர்க்கடலை.

நான் டிபன் பாக்ஸைப் பிடுங்கினேன். அதற்குப் பிறகு என் வாயிலிருந்து வந்ததை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். "கொன்னுருப்பீங்களே அக்கா" என்றேன்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "வேர்க்கடலைன்னு சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும் தம்பி. நீங்க கடலைன்னுதான் சொன்னீங்க" என்றார்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். எங்கள் ஊரில் வெறுமனே கடலை என்றாலே அது வேர்க்கடலைதான். அக்காவுக்கோ கடலை என்றால் உடைத்த கடலை, கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு, கடலைமாவு. ஒரு வருடமாக ஆதிரா வருகிற நேரத்தில் அவர் வீட்டில் பஜ்ஜி சுட்டதில்லை, சுண்டல் அவித்ததில்லை. அவள் தாராளமாகச் சாப்பிடக்கூடிய அத்தனையையும் அவள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறார்.

மல்லாட்டை தொட்ட கையோடு குழந்தை பக்கத்தில் நிற்கக் கூடாது என்று, அக்கா எங்கள் சமையலறைக்குக் கை கழுவப் போனார். சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார். திரும்பும்போது அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த எண்ணெய்க் கேனைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, இந்த எண்ணெயிலயா பாப்பாவுக்கு சமைக்கிறீங்க?"

"ஆமாக்கா. மூணு மாசமா."

"மணிலான்னா இன்னான்னு நெனச்சீங்க?"

பிலிப்பைன்ஸ் என்று எப்படிச் சொல்வது?

"அதுவும் மல்லாட்டதான் தம்பி" என்றார் மெதுவாக. "பேசறப்ப மல்லாட்டன்னு சொல்லுவோம். கடைல மணிலான்னு எழுதுவாங்க."

ஒரு நிமிடத்துக்கு முன்னால் நான் அவரைப் பார்த்துச் சொன்னதை, அப்போது அவர் எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். மூன்று மாதமாக என் குழந்தைக்கு ஆகாததை நானேதான் கரண்டி கரண்டியாக ஊற்றியிருக்கிறேன். அதுவும் அந்தப் போர்டை இரண்டு தடவை படித்துவிட்டு. அக்காவோ கேனின் மூடியை இறுக்கி, தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றே புதுச்சேரி போனோம். டாக்டர் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். செக்கில் ஆட்டிய எண்ணெயில் கடலையின் சத்து தங்கிவிடும், தடிப்போடு போனது உங்கள் அதிர்ஷ்டம் என்றார். அதிர்ஷ்டம் என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னார். மனைவி வழி முழுக்க ஆதிராவை மடியைவிட்டு இறக்கவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

வாணலி, தாளிக்கிற கரண்டி, தோசைக்கல் எல்லாவற்றையும் மாற்றினோம். ஒரு வாரத்தில் உதடு தெளிந்தது. டாக்டர் சொன்னபடி ஒவ்வொன்றாகத் தட்டுக்குத் திரும்பி வருகிறது. மீன் வந்துவிட்டது, தக்காளி வந்துவிட்டது. கத்தரிக்காய் மட்டும் அலர்ஜியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஆதிரா கேட்டுக்கொண்டிருக்கிறாள். பரிசீலனையில் இருக்கிறது.

நானோ இப்போது கடைக்கடையாகப் போய் வேர்க்கடலை, நிலக்கடலை, மல்லாட்டை, மணிலா என்று எல்லாப் பெயரையும் வரிசையாகச் சொல்லி, இதெல்லாம் இல்லையே என்று கேட்கிறேன். ஒரு கடையில், இதெல்லாம் ஒன்றுதானே சார், எதற்கு நாலு தடவை கேட்கிறீர்கள் என்றார்கள். அது எனக்குத் தெரிய எத்தனை நாள் ஆயிற்று என்று அவர்களுக்கு எப்படிப் புரியும்?

அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். பாதியிலேயே நிறுத்தி, தேங்காய்ப்பால் நிஜமாகவே பால் இல்லைதானே என்று இன்னொரு முறை உறுதி செய்துகொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆதிரா முதல்முறையாக அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இடியாப்பம், தேங்காய்ப்பால். அஃப்ரின் பக்கத்தில் சம்மணம் போட்டு, இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கேட் ஓரமாக நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு விஷயம் உதைத்தது. அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஏன் என்று விசாரித்தேன்.

"ஆன்ட்டிக்குத்தான் எல்லாம் தெரியுமேப்பா" என்றாள்.

அன்று சாயங்காலம் புதுத் தோசைக்கல்லில் அவளுக்கு ஒரு தோசை வார்த்து, தட்டில் வைத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டாள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டாள்.

"அப்பா, இதுல என்னென்ன போட்டிருக்க?"

எண்ணெயிலிருந்து ஆரம்பித்தேன்.