மூன்று வருஷம் தள்ளி வைத்த சடங்கு

செடெனாக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் என் அம்மா பதினாறு வயதில் பெரிய மனுஷி ஆனார். நான் பதினான்கில். அதனால் ஆரம்பப் பள்ளியில் மூன்றாமாண்டு படித்த என் மூத்த மகள் குளியலறையிலிருந்து "அம்மா, ரத்தம் வருது" என்று கூப்பிட்டபோது, வழுக்கி விழுந்திருப்பாள் என்றுதான் ஓடினேன். பார்த்ததும் என் வாயில் வந்த முதல் வார்த்தை, "என்னடி செஞ்ச?"

அவள் என்ன செய்வாள்? ஒன்பது வயது.

மாசாயில் எங்கள் ஃபிளாட்டில் ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். விஷயம் தெரிந்தால், ஊசி போட்ட கோழியாகத் தின்னக் கொடுத்து வளர்த்தாள் என்பார்கள், கண்டதையும் பார்க்க விட்டாள் என்பார்கள். கிளினிக்கில் டாக்டரம்மா, "இப்பல்லாம் நிறைய பிள்ளைங்களுக்குச் சீக்கிரமே வருதும்மா, பயப்படாதீங்க" என்றார். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. "யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்று முருகன் படத்துக்கு முன்னால் பிள்ளையிடம் சத்தியம் வாங்கினேன். பள்ளிப் பையின் அடியில் பேட் ஒன்றைச் சாக்ஸுக்குள் சுருட்டி வைத்து அனுப்பினேன். அந்த நாட்களில் கோயிலுக்குக் கூப்பிட்டால் காய்ச்சல் என்று பொய் சொன்னேன்.

அவளுக்குப் பன்னிரண்டு முடிந்ததும், இனி ஊர் நம்பும் என்று, அன்றுதான் வந்ததுபோல் தம்போயில் இருக்கும் என் அண்ணனுக்குப் போன் போட்டேன். அண்ணன் தாய்மாமன் சீரோடு வந்தார். மஞ்சள் தண்ணீர் ஊற்றும்போது அண்ணி, "பயந்துட்டியாடி கண்ணு?" என்று கேட்டார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நான் சொல்லிக்கொடுத்தபடியே, "இல்ல அத்தை, அம்மா பக்கத்துலயே இருந்தாங்க" என்றாள்.

"எவ்ளோ தெளிவா பேசுது லா!" என்று எல்லாரும் சிரித்தார்கள். நான் விளக்குத் திரியைத் தூண்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

சாமியிடம் எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மகளிடம் கேட்கத்தான் வாய் வரவில்லை.

போன மாதம் சின்னவளுக்கு எட்டு வயது முடிந்தது. ஒருநாள் மடித்த துணியோடு போனேன். அறைக்குள் அக்காள் தங்கையிடம் பேசுவது கேட்டது.

"உனக்கும் வரும். வந்தா என்கிட்ட சொல்லு. அம்மாகிட்ட சொல்லாதே."

"ஏன்? அடிப்பாங்களா?"

"அடிக்க மாட்டாங்க. அழுவாங்க. அப்புறம் நீ எல்லார்கிட்டயும் பொய் சொல்லணும்."

உள்ளே போனேன். "நான் செஞ்சது தப்புடி" என்றேன் பெரியவளிடம்.

"சரிம்மா, விடுங்க" என்று தங்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.